பொட்டு வைக்காத கண்ணாடிக் குழாய்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதில் வரும் தவறு என்னுடையது, திட்டு வாங்கியது வேறொருவர்.

ஐம்பதுகளின் நடுவில், மெட்ராஸில் ரசாயனம் படித்து முடித்த கையோடு எனக்குச் செங்கற்பட்டில் வேலை கிடைத்தது. ஏரிப் பக்கம் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. எட்டுப் படுக்கை, வாசலில் ஒரு வேப்பமரம், பின்பக்கம் லேப். லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சமையலறைக்கென்று கட்டிய அறை அது. புகைபோக்கி இருக்கிறதே என்று டாக்டர் அதை என்னிடம் கொடுத்துவிட்டார். காலையில் சர்க்கரை, உப்பு, ரத்த அணு என்று வழக்கமான சோதனைகள் ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எங்களுக்குப் பிடித்த வேலை ஆரம்பிக்கும்.

ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அந்த வேலை. டாக்டர் இளவயதில் மெட்ராஸ் அச்சகங்களில் ஈய எழுத்துக் கோப்பவர்கள் வயிற்று வலியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவர். அதில் சிலருக்குக் குடல்வால் என்று நினைத்து வயிற்றைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று மறுபடி தைத்து அனுப்பியதையும் பார்த்தவர். அந்தக் குறை அவர் மனதில் முள்ளாகக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு கறுப்புப் பொடியைத் தருவித்து, அளக்கும் முறையைத் தானே தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினார். "முடியுமா பாரும்மா" என்றார். முடியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

அந்தப் பொடியைக் குளோரோபாரத்தில் கரைத்தால் நல்ல பச்சை நிறம் வரும். ஈயத்தின் வாடை பட்டால் போதும், பச்சை சிவப்பாகிவிடும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு ஈயம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நாங்கள் தேடியது ஒரு மூட்டை அரிசிக்குள் ஒரே ஒரு அரிசி மணி அளவுக்குத்தான் இருக்கும். அவ்வளவு சொற்பத்தைத் தேடும்போது, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசி, தண்ணீர், அமிலம், நம் விரல் எல்லாமே பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு முறையும் ரத்தமே ஊற்றாமல் ஒரு குழாயை மற்றவற்றோடு சேர்த்துக் காய்ச்சி, குலுக்கிப் பார்ப்போம். அதை நாங்கள் வெறுங்குழாய் என்று சொல்வோம். வெறுங்குழாய் பச்சையாகவே நின்றால்தான் மற்றக் குழாய்கள் சொல்வதை நம்பலாம்.

அதைப் பச்சையாக நிறுத்த எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. 'எங்களுக்கு' என்றால் எனக்கும் ஆயாவுக்கும். ஆயா திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி, நாற்பது வயது, கிறிஸ்தவர். அவருடைய அப்பா அம்மா காலம் முழுக்கப் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, படிக்காமலேயே, எந்தக் கண்ணாடியை எந்த அமிலத்தில் எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று எனக்கே நினைவுபடுத்துகிற அளவுக்குத் தேறியிருந்தார். வெறுங்குழாய் முதன்முதலாகப் பச்சையாக நின்ற அன்று நான் மைசூர்பாகு வாங்கிவந்தேன். ஆயா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கிளி மாதிரி கீதும்மா" என்றார். அதிலிருந்து இரண்டு மாதம் கிளி மாறவேயில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

சொந்தமாக ஒரு லேப், அதில் முதல் ஆயுத பூஜை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கோ ஒரு தேர்க்கடையில் வாங்கிய குங்குமத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அப்படியொரு சிவப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் அந்தக் குங்குமத்தை வைத்து, தராசுக்குப் பொட்டு, அடுப்புக்குப் பொட்டு, தண்ணீர் காய்ச்சி வடிக்கும் பாத்திரத்துக்குப் பொட்டு, ஒவ்வொரு புட்டிக்கும் அதன் மூடிக்கும் பொட்டு, ஊசிக்குழலுக்குப் பொட்டு, வரிசையாக நின்ற அறுபது சோதனைக் குழாய்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு. டாக்டர் எட்டிப் பார்த்து, "கல்யாணமே நடக்கும் போலிருக்கே" என்று சிரித்தார். ஆயா பொரியும் கடலையும் மடியில் கட்டிக்கொண்டு, "அடுப்புக்குக்கூட மூணு பொட்டா?" என்று கேலி செய்தார். மறுநாள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துக் கழுவி எடுத்துவைத்தவரும் அவர்தான்.

அந்தச் சனிக்கிழமைதான் அந்த மீனவர் வந்தார். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரர். இருபத்தைந்து வயதிருக்கும். தோள் இரண்டும் பாறையாக இருந்தன, முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது. இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள்கிறாராம். கூட வந்தவர் மாமனாராகப் போகிறவர். தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து ரயிலில் ஒரு சர்ஜன் வருவார். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "குடல்வாலாகத்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமை திறந்துவிடலாம்" என்றார். டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை. "வலையில் கட்டுகிற ஈயக்குண்டெல்லாம் யார் வார்க்கிறது?" என்று கேட்டார்.

"குப்பத்துல எல்லாரும்தான் வாக்கறோம், டாக்டரய்யா. எங்க பாட்டன் காலத்துலேருந்து. ஒருத்தருக்கும் வவுறு வலிச்சதில்லியே" என்றார் மீனவர்.

ஈயம் ஏறியவர்களுக்கு ஈறில் நீலக்கோடு தெரியும் என்று டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொன்னார். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் முழுக்கச் சிவந்திருந்தது. அதில் எந்தக் கோட்டைத் தேடுவது? சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும்தான் வார்க்கிறார்கள் என்றால் இவருக்கு மட்டும் ஏன் வரணும்? உங்களிடம் அத்தாட்சி இருந்தால் காட்டுங்கள், கத்தியைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன்" என்றார். நல்ல மனிதர்தான். கேட்டதும் நியாயம்தான்.

சர்ஜன் போனதும் மாமனார் டாக்டரிடம் மெல்லச் சொன்னார்: "வயித்தக் கீறினவன் கட்டுமரம் தள்ள முடியாது, நைனா. அப்டி ஆச்சுன்னா எம் பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கினு போயிடுவேன். தப்பா நெனச்சிக்காத." மீனவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆக, ஒரு வாரம். ஒரு மனிதனின் வயிறும் கல்யாணமும் என் குழாய்களில் வந்து நின்றன. பயந்தேனா என்றால் இல்லை. உள்ளூர ஒரே குதூகலம். மூன்று மாத உழைப்புக்கு நிஜமான வேலை வந்துவிட்டதே!

திங்கட்கிழமை அவர் ரத்தத்தை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் அமிலம் ஊற்றி, நிறமே இல்லாத நீராகும் வரை காய்ச்சினேன். சாயங்காலம் பச்சைத் திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினேன். அவருடைய குழாய் சிவப்பு. வெற்றி என்று கத்தப் போனேன். என் குழாயும் சிவப்பு. வெறுங்குழாயைத் தூக்கினேன். அதுவும் மாதுளை முத்தாகச் சிவந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை தண்ணீரைப் புதிதாக வடித்தேன். சிவப்பு. வேறு புட்டி அமிலத்தைத் திறந்தேன். அப்போதும் சிவப்பு. புதன்கிழமை காலை, கூடச் சேர்க்கும் அம்மோனியாவையும் மாற்றினேன், பலனில்லை. லேபில் மாற்றுவதற்குப் பொருள் தீர்ந்ததும், மாற்ற முடிகிற ஒரே ஆள் ஆயாதான் என்று என் புத்திக்குத் தோன்றியது.

"நீங்கள்தான் ஒழுங்காகக் கழுவவில்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. வேலையில் கவனமில்லை, பண்டிகைப் பொரி தின்றதும் கை சோம்பிவிட்டது, ஒரு மனிதன் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், அது உங்களால்தான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். வார்டில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

ஆயா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ரெண்டு மாசமா கிளி மாதிரி இருந்துச்சே, அப்ப மட்டும் வேற யாரு வந்து கழுவுனாங்க? நீயா கழுவுன?" என்று கேட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரி. நாளைக்கு நானே ஒண்ணு செஞ்சி காட்றேன். அதுலயும் செகப்பு வந்தா எனக்கு இந்த வேல வாணாம். வூட்டுக்குப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கும் வீம்பு. நானும் பேசவில்லை. ஒரே அறையில் இரண்டு பேர் பேசாமல் கண்ணாடி கழுவுவது மாதிரி கொடுமை வேறு கிடையாது.

வியாழக்கிழமை நான் வரும்போதே ஆயா லேபில் இருந்தார். முந்தின வாரம் மெட்ராஸிலிருந்து வந்து, பிரிக்காமல் ஸ்டோரில் கிடந்த ஒரு பெட்டியை உடைத்து, வைக்கோலுக்குள்ளிருந்து புதுக் குழாய்களும் திறக்காத அமிலப் புட்டிகளும் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்குள்ளேயே வடிக்கிற புதுப் பாத்திரமும் இருந்தது. லேபில் இருந்த எந்தத் துணியையும், எந்தத் தொட்டியையும் அவர் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்சட்டியில் எல்லாவற்றையும் ஊறவைத்தார். "கோவத்துல உன் சாமான தொட வாணாம்னு நெனச்சேன்" என்று பிற்பாடு சொன்னார். அந்தக் கோபத்துக்கு நான் இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ரத்தமில்லாமல் மூன்று வெறுங்குழாய் போட்டோம். மத்தியானம் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்றும் பச்சை. மூன்று கிளிகள்!

எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. ஆயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புதுக் குழாய் வரிசையையும் பழைய வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். "அதே கைதான் கழுவுச்சு. இதுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்னு நீயே பாரு. இதுங்க மட்டும்தான் என்ன மாதிரி நெத்தி காலியா கீதுங்கோ" என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்டத்தான் சொன்னார். எனக்கோ தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. அலமாரிக்கு ஓடினேன். அந்தக் குங்குமச் சிமிழைத் திறந்து, ஊசிமுனையளவு எடுத்து, அமிலத்தில் போட்டுக் காய்ச்சி, பச்சைத் திரவத்தை ஊற்றிக் குலுக்கினேன். அப்படியொரு சிவப்பு! பச்சை இருந்த சுவடே தெரியவில்லை. மஞ்சளை இடித்துச் செய்த குங்குமம் அல்ல அது. பளபளப்புக்காக யாரோ ஈயச் செந்தூரத்தைக் கலந்து விற்றிருக்கிறார்கள். நான் அதை ஊசிக்குழலிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை ஒன்று விடாமல் வைத்து, கும்பிட்டு, தீபாராதனையும் காட்டியிருக்கிறேன். பாவம், ஆயா அதை ஒரே ஈரத்துணியால் எல்லாவற்றின் மேலும் சீராகப் பரப்பித் துடைத்திருக்கிறார். அமிலத்தில் ஊறவைத்த தொட்டி வரைக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது.

என் நெற்றியிலும் அதுதான் இருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். "இப்ப நீயும் என் சாதி" என்று ஆயா சிரிக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுடையது. உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வார்டுக்குள் போய், நேற்றுக் கேட்டவர்கள் எல்லோரும் கேட்கும்படி அதையே இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். "போதும்மா, பேஜாரு பண்ணாத" என்று ஆயாதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

வெள்ளிக்கிழமை புது ஊசிக்குழலை எடுத்துக்கொண்டு மீனவரிடம் போனேன். "மறுபடியுமா? கொசு கூட இவ்ளோ குடிக்காதும்மா" என்றார். அவருடையது, என்னுடையது, டாக்டருடையது என்று மூன்று ரத்தம் எடுத்தோம். தன்னுடையதையும் பார்க்க வேண்டும் என்று ஆயா பிடிவாதம் பிடித்து நான்காவதாகக் கையை நீட்டினார். கூடவே ஒரு வெறுங்குழாய். ஐந்தையும் பின்பக்கம் வைத்துக் காய்ச்சும்போது எழுந்த புகையில் வேப்பமரத்துக் காக்கைகள் மதுராந்தகம் பக்கம் பறந்துவிட்டன.

நாலு மணிக்கு ஜன்னலோரம் ஐந்து குழாய்களையும் வரிசையாக நிறுத்தினேன். வெறுங்குழாய் சுத்தப் பச்சை. டாக்டருடையதும் ஆயாவுடையதும் பச்சைதான், கொஞ்சம் மங்கல். என்னுடையது அவர்களுடையதைவிட ஒரு படி கூடுதல் மங்கல், அது நெற்றிக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டேன். மீனவருடையது மட்டும் நல்ல சிவப்பு. இம்முறை அது பொய்யில்லை. அளவு தெரிந்த ஈயக் கரைசல்களை ஏறுவரிசையில் வைத்து ஒப்பிட்டோம். சாதாரண மனிதர் உடம்பில் இருப்பதைப் போலப் பல மடங்கு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷம்" என்றார்.

ஆயாவுக்கு வேறு கவலை. "என் ரத்தம் பச்சன்னு வெளிய சொல்லிடாத. என் வூட்டுக்காரன் கேட்டா ஓடியே பூடுவான்" என்றார்.

சனிக்கிழமை ரயில் அரைமணி தாமதம். சர்ஜன் வந்ததும் வராததுமாக டாக்டர் அவரை ஜன்னலுக்கு அழைத்துப் போனார். அவர் ஐந்து குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வெறுங்குழாயைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன். குங்குமக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கள் தப்பை நீங்களே கண்டுபிடித்ததால்தான் இந்தச் சிவப்பை நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைப் பெட்டியிலேயே வைத்தார். காபி குடித்தார், வேறொருவருக்கு ஹெர்னியா பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார். மீனவருக்கு டாக்டர் கால்சியம் ஊசியை நரம்பில் மெதுவாக ஏற்றினார். வலி இறங்குவது அவர் முகத்திலேயே தெரிந்தது. அரைமணி கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி, "நாஸ்தா இன்னா?" என்பதுதான்.

மாமனார் அப்போதும் அசையவில்லை. "எல்லாரும்தான் ஈயம் காச்சறோம். இவனுக்கு மட்டும் எப்டி ஏறுச்சு? அது தெரியாம பொண்ண குடுக்க மாட்டேன்" என்றார். டாக்டருக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டாக்டரின் காரில் டாக்டரும் நானும் ஆயாவும் மாமனாரோடு குப்பத்துக்குப் போனோம்.

கடற்கரையில் வலைகள் விரித்துக் கிடந்தன. ஈயக்குண்டைக் கயிற்றில் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒரு பெரியவர் செய்து காட்டினார். பிளவுபட்ட குண்டைக் கயிற்றில் நுழைத்து, கல்லின் மேல் வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. நான்கைந்து பேர் செய்து காட்டினார்கள், எல்லோரும் அப்படியே. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அவரு அப்டி செய்யமாட்டாரு. அவரு பல்லால கடிச்சி மூடுவாரு."

எல்லோரும் திரும்பினார்கள். அவள்தான் கல்யாணப் பெண். மாமனார் முறைத்தார். அவள் தலையைக் குனிந்தாலும் பேச்சை நிறுத்தவில்லை. "ஒரு நாளைக்கு நூறு குண்டு கடிப்பாரு. பல்லு கெட்டின்னு குப்பமே மெச்சிக்கும். நானும் அதப் பாத்துத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் ஓவென்று சிரித்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வெற்றிலை வாயோடு, நாளெல்லாம் ஈயத்தைக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார் மாப்பிள்ளை!

மாமனார் ஒரு ஈயக்குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு, "பல்லுதானே குத்தம், ஒடம்பு இல்லியே?" என்று டாக்டரிடம் கேட்டார். இல்லவே இல்லை என்றார் டாக்டர்.

அதன் பிறகு இரண்டு முறை மீனவரின் ரத்தத்தை அளந்தோம். ஒவ்வொரு முறையும் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் அவரே குழாயை ஜன்னலுக்குத் தூக்கிப் பார்த்து, "ஆயா, கிளி வந்துகினு கீது" என்றார்.

தையில் எங்களைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தோளும் முகமும் ஒரே நிறமாகியிருந்தன. பெண் வீட்டார் வரிசைத் தட்டுகளைச் சுமந்து வந்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, வேட்டி. கடைசித் தட்டைப் பெண்ணே தூக்கிவந்து மாப்பிள்ளை முன்னால் வைத்தாள். அதில் தனியாக ஒரு புதுச் சுத்தியல் இருந்தது. அதற்குச் சந்தனம் பூசி, நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கோ கண் அந்தப் பொட்டிலேயே நின்றது. பழக்கம் யாரை விட்டது? மெல்லப் பெண்ணிடம் குனிந்து, "இது எங்கே வாங்கின குங்குமம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கலக்கா. மஞ்சள வூட்லயே இடிச்சி நானே செஞ்சேன். ஒரு வாரத்துக்கு முன்னாடியே உங்க ஆயா பஸ்ல வந்து சொல்லிட்டுப் போச்சு" என்றாள்.

நான் திரும்பி ஆயாவைப் பார்த்தேன். அவர் பந்தியில் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமலேயே, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பெண் குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினாள். மூன்று மாதமாக வெறுமையாக இருந்த நெற்றியில் எடுத்து இட்டுக்கொண்டு, ஆயாவுக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன்.